மின்சுற்றுக்களைச் சுருக்கிக் காணும் முறை

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ப் பக்கத்துச் சமவெளியில் பெரியாற்று நீரை நம்பிப் பயிரிடும் குடியானவர்களுள் கடைமடைக்காரர் என்று ஒரு சாரார் உண்டு. 1895-இல் முடிவுற்ற பெரியாற்று அணையினின்று, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பும் நீர், வையையிற் கலந்து, பேரணையிற் பிரிந்து, தலைக்கால்வாயாய் ஓடிக் கிளைக்கால்களாகவும் கண்மாய்களாகவும் மடைகளாகவும் பன்முறை பிளவுபட்ட பின்னரே அவர்கள் வயலை அடைகிறது. வழியில் எத்தனை மதகு திறந்திருக்கிறது, எவன் எங்கே வரப்பை வெட்டினான் என்பதையெல்லாம் கடைமடைக்காரர் அறியார், அறியவும் இயலாது. ஆயினும் தம் வயலுக்கு நீர் பாயுமா பாயாதா என்பதை அவர் பிழையின்றிச் சொல்லிவிடுவார். எவ்வாறெனில், அவர் பார்ப்பவை இரண்டே. மடையை அடைத்து வைத்திருக்கும்போது வாய்க்காலில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது ஒன்று. மடையைத் திறந்தால் அவ்வுயரம் எவ்வளவு தாழ்ந்து போகிறது என்பது மற்றொன்று. மேலே நூறு கிளைகள் இருந்தாலும் அவற்றின் பயன் முழுவதும் இவ்விரண்டில் அடங்கிவிடுகிறது.

மின்சார நூலில் மாணவர்கள் அஞ்சும் பகுதிகளுள் ஒன்றாகிய சமானச் சுற்று என்பதும் இதுவே. பல மின்கலங்களும் பல தடைகளும் சிலந்தி வலைபோற் பின்னிக் கிடக்கும் ஒரு சுற்றிலிருந்து இரண்டு முனைகளை மட்டும் வெளியே இழுத்துவிட்டு, ஏனையவற்றை ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டிவிட்டதாகக் கொள்வோம். வெளியே நின்று அவ்விரு முனைகளில் அளந்து பார்ப்பவனுக்கு, அப்பெட்டிக்குள்ளே ஒரே ஒரு மின்கலமும் அதனோடு தொடராக இணைந்த ஒரே ஒரு தடையும் இருப்பதாகவே தோன்றும். அம்மின்கலத்தின் விசை, முனைகளைத் திறந்து வைத்திருக்கும்போது அவற்றிடையே காணப்படும் அழுத்த வேறுபாடு. அத்தடை, பெட்டிக்குள் உள்ள மின்கலங்களின் விசையையெல்லாம் அவித்துவிட்டு, அவற்றின் உள்தடைகளை மட்டும் இருந்தபடியே விட்டு, வெளியிலிருந்து நோக்கினால் காணும் தடை. இதனைத் தெவெனின் தேற்றம் என்று வழங்குகிறோம்.

எண்களை இட்டுப் பார்த்தாலன்றி இத்தகைய கூற்றுக்கள் மனத்தில் தங்கா. 12 வோல்ட்டு மின்கல அடுக்கு ஒன்று. அதனோடு தொடராக 4 ஓம் தடை. அதன்பின் குறுக்கே 12 ஓம் தடை ஒன்று. இந்த 12 ஓம் தடையின் இரு நுனிகளையும் அ, ஆ என்னும் முனைகளாக வெளியே கொண்டுவருவோம். முனைகளில் ஒன்றும் இணைக்காதபோது சுற்றில் உள்ள தடை மொத்தம் 16 ஓம்; ஓட்டம் முக்கால் ஆம்பியர்; எனவே அ, ஆ இவற்றிடையே 9 வோல்ட்டு நிற்கும். இனி அடுக்கின் விசையை அவித்து, அஃதிருந்த இடத்தில் வெறுங்கம்பி இருப்பதாக எண்ணி முனைகளிலிருந்து நோக்கினால், 4 ஓமும் 12 ஓமும் பக்க இணைப்பில் உள்ளன. அவற்றின் சமானம் 3 ஓம். ஆகவே பெட்டியின் வெளித்தோற்றம் 9 வோல்ட்டும் 3 ஓமும். இப்போது 6 ஓம் சுமையொன்றை முனைகளில் இணைத்தால் எவ்வளவு ஓட்டம் செல்லும்? 9-ஐ 9-ஆல் வகுக்க 1 ஆம்பியர். இது மெய்தானா என்று பழைய முறையிற் சரிபார்ப்போம். 6 ஓமும் 12 ஓமும் பக்க இணைப்பில் 4 ஓம். அதனோடு தொடராக 4 ஓம். ஆக 8 ஓம். அடுக்கிலிருந்து புறப்படுவது ஒன்றரை ஆம்பியர். அதிற் 6 வோல்ட்டு முதல் தடையிலேயே இழக்கப்படும்; முனைகளில் எஞ்சுவது 6 வோல்ட்டு; சுமையில் 1 ஆம்பியர். இரண்டு வழியும் ஓரிடத்திற் கூடின.

இவ்வளவு சிறிய சுற்றில் இலாபம் ஒன்றுமில்லையே என்று மாணவர் கேட்கக்கூடும். கேட்பது முறையே. சுமையை ஒருமுறை மட்டும் இணைத்துப் பார்ப்பதாயின் இலாபம் இல்லை. 6 ஓமை எடுத்துவிட்டு 1 ஓம், 2 ஓம், 15 ஓம் என்று பத்துச் சுமைகளை மாற்றி மாற்றி இணைக்கவேண்டியிருப்பின், பழைய முறையிற் பத்து முறை முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதிய முறையிலோ ஒரு கூட்டலும் ஒரு வகுத்தலுமே போதும்.

இத்தேற்றத்திற்குப் பெயர் தந்த லியோன் சார்லஸ் தெவெனின் பிரெஞ்சு நாட்டுத் தந்தி இலாகாவைச் சேர்ந்த பொறியாளர். 1857-இல் மோ என்னும் ஊரிற் பிறந்தவர். தந்திப் பணியாளருக்குப் பாடம் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, ஓமின் விதியையும் கிர்க்காப் 1845-இல் வகுத்த விதிகளையும் மாணவர்க்கு எளிதாக்கும் வழியை நாடியதன் பயனாக 1883-இல் இதனை வெளியிட்டார். ஆனால் அவருக்கு 30 ஆண்டு முன்னரே, 1853-இல், ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதே உண்மையைக் கண்டு எழுதியிருந்தார். வியப்பு யாதெனில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்தது தந்திக் கம்பியை அன்று; விலங்குகளின் தசையிலும் நரம்பிலும் தோன்றும் மின்சாரத்தை. தசைக்குள்ளே மின்விசை எங்கெங்கே உள்ளது என்று வெட்டிப் பார்த்து அறிய முடியாது; மேற்பரப்பில் இரண்டு இடங்களில் கம்பியை வைத்து அளக்கத்தான் முடியும். உள்ளே காண முடியாத பொருளை வெளியே நின்று அறியவேண்டிய இக்கட்டே அவரை இத்தேற்றத்திற்கு இட்டுச் சென்றது. தெவெனின் அவருடைய கட்டுரையை அறியாமலே தாமாக இதனை அடைந்தார். பெயர் பின்னவருக்கே நிலைத்தது. பாடம் நடத்துபவர் பெயர் மாணவர் நாவில் நிற்பது இயல்புதானே.

தேற்றம் ஏன் உண்மையாகிறது என்பதற்குத் தெவெனின் காட்டிய வழி மிக நேர்த்தியானது. ஆதலின் அதனைச் சற்று நின்று பார்ப்போம். பெட்டியின் முனைகளில் நம் சுமையை இணைக்குமுன், அதனோடு தொடராக ஒரு கற்பனை மின்கலத்தைச் சேர்ப்போம். அதன் விசை, திறந்த முனைகளில் நாம் அளந்த அழுத்தத்திற்குச் சரியாக, ஆனால் எதிர்த் திசையில் இருக்கட்டும். இருபுறமும் ஒத்த விசை எதிர்த்து நிற்பதால் சுமையில் ஓட்டம் சிறிதும் இல்லை. இனி, முதற் கற்பனைக் கலத்தை முற்றும் அழிக்கவல்ல இரண்டாவது கற்பனைக் கலம் ஒன்றை, அதே அளவு விசையுடன், மாறான திசையிற் சேர்ப்போம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டமையால், இப்போதுள்ளது நம் உண்மைச் சுற்றே. பல மின்கலங்கள் உள்ள சுற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே செலுத்தும் ஓட்டங்களைக் கூட்டினால் மொத்த ஓட்டம் கிடைக்கும் என்பது நாம் முன்னரே அறிந்த விதி. பெட்டிக்குள் உள்ள கலங்கள் அனைத்தும், முதற் கற்பனைக் கலமும் சேர்ந்து செலுத்திய ஓட்டம் பூச்சியம் என்று கண்டோம். ஆகவே மிஞ்சியது, இரண்டாவது கற்பனைக் கலம் தனித்து நின்று, உள்ளே உள்ள விசைகளெல்லாம் அவிந்திருக்கும் நிலையிற் செலுத்தும் ஓட்டமே. அதன் வழியில் உள்ளவை பெட்டியின் தடையும் நம் சுமையுமே. தேற்றம் முடிந்தது. இதில் கணக்கு ஒரு வரியும் இல்லை. இருப்பினும் நம் அனுபவத்தில், பத்து மாணவருள் ஒன்பதின்மர் சூத்திரத்தை ஒப்புவிப்பரேயன்றி இதனைச் சொல்ல அறியார். கூட்டல் விதி பொருந்தும் இடத்தில்தான் தேற்றமும் பொருந்தும் என்னும் எல்லை இந்நிரூபணத்திலேயே அடங்கியிருப்பதால், இதனை விட்டவர் எல்லையையும் விட்டவராவர்.

பௌதிகக் கூடத்தில் மாணவர் நாள்தோறும் கையாளும் வீட்ஸ்டன் பாலத்தில் இம்முறையின் வலிமை நன்கு புலப்படும். பாலம் சமனாய் இருக்கும்போது கணக்கு எளிது. சமன் கெட்டிருக்கும்போது கால்வனாமானியில் எவ்வளவு ஓட்டம் செல்கிறது என்று கேட்டால் கிர்க்காப் விதிப்படி மூன்று சமன்பாடுகளை எழுதி மூன்று அறியாக் கணியங்களோடு போராட வேண்டும்; தேர்வு மண்டபத்திற் குறி மாறிப் போவது இங்கேதான். 10 வோல்ட்டு அடுக்கு. இடப்பக்கம் மேலே 300 ஓம், கீழே 200 ஓம். வலப்பக்கம் மேலே 200, கீழே 300 என்று வைத்துக்கொள்வோம். கால்வனாமானியை எடுத்துவிட்டால், இடப்பக்க நடுப்புள்ளி 4 வோல்ட்டிலும் வலப்பக்க நடுப்புள்ளி 6 வோல்ட்டிலும் நிற்கும். வேறுபாடு 2 வோல்ட்டு. அடுக்கை அவித்துவிட்டு அதே இரு புள்ளிகளிலிருந்து நோக்கினால், ஒவ்வொரு பக்கமும் 300-உம் 200-உம் பக்க இணைப்பில் 120 ஓமாகும். இரண்டும் தொடரில் 240 ஓம். கால்வனாமானியின் தடை 160 ஓம் ஆயின் மொத்தம் 400 ஓம். ஓட்டம் 5 மில்லியாம்பியர். 10 ஓம் தடையுள்ள வேறொரு கருவியை வைத்தால் 8 மில்லியாம்பியர். ஐயமுள்ளவர் மூன்று சமன்பாடுகளையும் தீர்த்துப் பார்க்கலாம், நாம் பார்த்துவிட்டோம்.

இனிக் கூடத்தை விட்டு வெளியே வருவோம். விடுதி அறைச் சுவரில் உள்ள மின் இணைப்பில் இரண்டு துளைகள் உள்ளன. அவற்றின் பின்னே இருப்பது யாது? 1932-இல் நீலகிரியிற் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியது, 1944-இல் தாமிரபரணிக் கரையிற் பாபநாசம், 1958-இல் மேற்சொன்ன பெரியாற்று நீரே மலையினின்று இறங்கும் வழியிற் கூடலூர்க் கீழ்முகாமில் மின்சாரம் தரத் தொடங்கியது, 1962-இல் நெய்வேலி, 2013-இல் கூடங்குளம். அதே 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் தென்னாட்டு மின்வலை ஏனைய இந்திய மின்வலையோடு ஒத்திசைவாய் இணைக்கப்பட்டது. ஆகவே அவ்விரு துளைகளின் பின்னே நிற்பது நாடு முழுவதும் பரந்த ஒரே சுற்று. அதனை வரைபடமாக எழுத எவராலும் ஆகாது. ஆனால் அத்துளைகளில் ஒரு சுடுநீர்க் கலத்தைச் செருகினால் அழுத்தம் எவ்வளவு குறையும் என்பதை அறிய இரண்டு எண்கள் போதும். அவற்றை அரைமணி நேரத்தில் அளந்துவிடலாம். மாறுமின்னோட்டமாதலால் தடை என்று நாம் சொல்வது உண்மையில் மறிப்பு. அதன் கட்டமும் கணக்கில் வரவேண்டும். முதற் கணிப்புக்கு அதனை விட்டுவிட்டாலும் பெரும்பிழை நேராது.

சென்ற கோடை விடுமுறையில் எம் மாணவர் ஒருவரின் ஊருக்குச் சென்றிருந்தோம். மேலூருக்குக் கிழக்கே, கால்வாய்க்கும் கடைமடை, மின்கம்பிக்கும் கடைமடையான ஒரு சிற்றூர். அங்கே அவர் பெரியப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம் ஒன்றும் அதற்கு நீர் இறைக்க ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்றும் உண்டு. அந்த மோட்டாரின் சுருள் ஓராண்டில் மும்முறை எரிந்துவிட்டது. மும்முறையும் மேலூருக்குக் கொண்டுபோய்ச் சுற்றிக் கட்டி வந்தார். சுற்றிக் கட்டுபவர் மோட்டாரைக் குறை கூறினார். மோட்டார் விற்றவர் சுற்றிக் கட்டியவரைக் குறை கூறினார். இவர்கள் இருவரும் சேர்ந்து, இரண்டு குதிரைத்திறன் மோட்டாராக மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று யோசனை சொல்லியிருந்தனர். அதற்காகப் பெரியம்மாவின் வளையலை அடகு வைக்கும் பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

“தம்பி, கல்லூரியிலே மின்சாரம் படிக்கிறீர்கள் என்கிறானே! இது ஏன் எரிகிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்,” என்றார் பெரியவர்.

ஊர் லயன்மேனை உடன் வைத்துக்கொண்டே அளவுகளை எடுத்தோம். உயிருள்ள கம்பியில் மாணவர்கள் தாமே கைவைத்தல் ஒருகாலும் ஆகாது. காலையில் மோட்டாரும் வீட்டு விளக்குகளும் நின்றிருந்தபோது வோல்ட்டாமானி 220 காட்டியது. 10 ஆம்பியர் வாங்கும் சூடேற்றி ஒன்றை இணைத்ததும் 202-க்கு இறங்கியது. 18 வோல்ட்டை 10 ஆம்பியரால் வகுக்க 1.8 ஓம். இந்த 220-உம் 1.8-உமே அவ்வீட்டு வாயிலில் வந்து நின்ற இந்திய மின்வலை. (படிப்போர் வசதிக்காக எண்களைச் சிறிது சீராக்கியிருக்கிறோம்.)

இந்த 1.8 ஓம் எங்கிருந்து வந்தது? மின்மாற்றியிலிருந்து வீடு 800 மீட்டர். ஏறக்குறைய 30 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அலுமினியக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய 0.93 ஓம் தடையுண்டு. போக 800, வர 800, ஆக 1.6 கிலோமீட்டருக்கு 1.5 ஓம் ஆகிறது. மிச்சமுள்ள 0.3 ஓம் மின்மாற்றிக்கும் இணைப்புக்களுக்கும் உரியது. ஆக, குற்றத்திற் பெரும்பங்கு கம்பியின் நீளத்துக்கே.

மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் அதன் மறிப்பு மிகக் குறைவு; பெரியவருடைய மோட்டாருக்கு அது 4.5 ஓம் அளவு. 220-ஐ 6.3-ஆல் வகுக்க 35 ஆம்பியர். மோட்டாரின் முனைகளில் நிற்கும் அழுத்தம் 157 வோல்ட்டே. மோட்டாரின் திருப்பு விசை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட மோட்டாருக்கு 157 வோல்ட்டு கிடைத்தால் திருப்பு விசை பாதிக்கும் குறைந்து, 100-க்கு 47 பங்காகிறது. காலையில் அது தட்டுத்தடுமாறிக் கிளம்பிவிடும்.

மாலையில் மீண்டும் அளந்தபோதுதான் உண்மை முழுவதும் வெளியாயிற்று. அதே கம்பியிலுள்ள அயல் தோட்டங்களிலும் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. திறந்த அழுத்தம் 205-ஆக இறங்கியிருந்தது. உள்தடையோ ஏறக்குறைய அதே 1.8. தேற்றத்தைப் படித்தவர்க்கு இதில் வியப்பில்லை. அயலாரின் மோட்டார்களும் நம் பெட்டிக்குள் அடங்கியவையே; அவை ஓடினாலும் நின்றாலும் பெட்டியின் எண்கள் மாறும். கம்பித் தடையை நோக்க அவற்றின் மறிப்புப் பெரிதாதலால் உள்தடை அதிகம் மாறவில்லை, அழுத்தமே மாறியது. 205-ஐ 6.3-ஆல் வகுத்துப் பெருக்கினால் மோட்டாருக்குக் கிடைப்பது 146 வோல்ட்டு. திருப்பு விசை 100-க்கு 40 பங்கு. மோட்டார் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நிற்கும். நிற்கும் மோட்டாரில் 32 ஆம்பியர் ஓயாது பாயும். குளிரச்செய்ய விசிறியும் சுழலாது. சில நிமிடங்களிற் சுருள் கருகும். மும்முறையும் மாலை வேளையிலேயே எரிந்தது என்பதைப் பெரியம்மா நினைவுகூர்ந்தார். அதுவரை அவரை ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு குதிரைத்திறன் மோட்டாரை வாங்கியிருந்தால் யாதாகும்? பெரிய மோட்டாருக்குத் தொடக்க மறிப்பு இன்னும் குறைவு, 3.4 ஓம் என்று கொள்வோம். மாலையில் 205-ஐ 5.2-ஆல் வகுக்க 39 ஆம்பியர். அதற்குக் கிடைப்பது 134 வோல்ட்டே. தன் இயல்பு வலிமையில் மூன்றில் ஒரு பங்கையே அது காட்டக்கூடும். அயலாருடைய மோட்டார்களையும் அது தன்னோடு இழுத்து அமிழ்த்தும். வளையல் போயிருக்கும், மல்லிகை காய்ந்திருக்கும். அடகுப் பேச்சு அன்றிரவே நின்றது.

இச்சுருக்க முறையை நம்பிக்கையோடு கையாளும் மாணவர் விழும் குழிகள் இரண்டைச் சொல்லாமல் விடுதல் தகாது. முதலாவது, சமானச் சுற்று வெளியே நிகழ்வதைத்தான் ஒக்கும். உள்ளே நிகழ்வதை ஒவ்வாது. முதல் உதாரணத்தை மீண்டும் நோக்குக. முனைகளில் சுமையில்லாதபோது சமானச் சுற்றில் ஓட்டமே இல்லை. ஆற்றல் இழப்பும் இல்லை. உண்மைச் சுற்றிலோ 16 ஓம் வழியே முக்கால் ஆம்பியர் ஓடிக்கொண்டேயிருக்கிறது. 9 வாட்டு வெப்பமாய்ப் போகிறது. 6 ஓம் சுமையை இணைத்தபோது சமானச் சுற்றின்படி உள்ளே இழப்பு 3 வாட்டு. உண்மையில் அடுக்கு தருவது 18 வாட்டு, சுமை பெறுவது 6 வாட்டு, இழப்பு 12 வாட்டு. சுமைக்குள் செல்லும் 6 வாட்டு மட்டுமே இருபுறமும் ஒக்கும். பெட்டிக்குள் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று தேர்வாளர் வினவினால், சமானச் சுற்றை எறிந்துவிட்டு உண்மைச் சுற்றுக்குத் திரும்பவேண்டும். நல்ல மாணவர் பலர் மதிப்பெண் இழந்தது இங்கே.

இரண்டாவது, அழுத்தத்திற்கு ஏற்ப ஓட்டம் நேர்விகிதத்தில் வளரும் பொருள்களாலான பெட்டிக்கே தேற்றம் உரியது. பழைய இழை விளக்கின் தடை குளிர்ந்திருக்கும்போது மிகச் சிறிது. ஒளிரும்போது பத்து மடங்குக்கு மேலும் ஏறும். அத்தகைய பொருள் பெட்டிக்கு வெளியே சுமையாய் இருக்கலாம், அதனால் இடரில்லை. உள்ளே இருப்பின், கண்ட எண்கள் அளந்த அந்நிலைக்கு அருகே மட்டும் செல்லும். கடைமடை உவமையும் இவ்விதத்தில் முற்றும் பொருந்தாது. வாய்க்கால் நீரின் ஓட்டம் உயரத்திற்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. தொடக்கத்தில் அதனைத் துணைக்கழைத்தோம், கணக்கிடுவதற்கு அழைக்கவில்லை.

மின்கலமும் தொடர்த் தடையும் என்று காண்பதற்கு மாறாக, ஓட்டமூலம் ஒன்றும் அதற்குப் பக்க இணைப்பாக ஒரு தடையும் என்றும் அதே பெட்டியைக் காணலாம். முனைகளைக் குறுக்குச் சுற்றாக இணைத்தால் ஓடும் ஓட்டமே அம்மூலத்தின் அளவு. நம் முதல் உதாரணத்தில் 12 ஓம் தடையைக் கம்பி முற்றும் விழுங்கிவிடுவதால், 12-ஐ 4-ஆல் வகுக்க 3 ஆம்பியர். பக்கத்தடை அதே 3 ஓம். 9-ஐ 3-ஆல் வகுத்தாலும் அதே 3 ஆம்பியர் என்பதைக் காண்க. இவ்வடிவத்தை 1926-இல் அமெரிக்காவிற் பெல் ஆய்வுக்கூடத்து நார்ட்டன் என்பவர் ஓர் உள்ளறிக்கையிற் குறிப்பிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியிற் சீமென்ஸ் நிறுவனத்து மாயர் என்பவர் அச்சிலும் வெளியிட்டார். தெவெனின் மறைந்ததும் அவ்வாண்டே. இந்த மாயர்தான் 1939-இல் நார்வேயின் தலைநகரிலிருந்து, ஹிட்லர் அரசின் புதிய போர்க்கருவிகளைப் பற்றிய இரகசியங்களைத் தம் பெயரிடாது எழுதி ஆங்கிலேயர் கையிற் சேர்ப்பித்தவர். பாடத்திற்கு இது வேண்டுவதன்று. எனினும் மாணவர் அவர் பெயரை மறவாதிருக்க இது உதவும்.

ஓட்டமூல வடிவம் ஏட்டளவிலேயே நிற்பதென்று எண்ண வேண்டா. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட்டு அளவில் நிறுவப்பட்ட சூரிய மின்நிலையத்தின் பலகைகளை எடுத்துக்கொள்வோம். சூரியப் பலகையின் முனைகளைக் கம்பியாற் குறுக்கே இணைத்தாலும், அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பெரும்பகுதி தூரம் சென்றாலும், அது தரும் ஓட்டம் ஏறக்குறைய மாறாதிருக்கும். வெயிலின் அளவே அதனை நிர்ணயிக்கிறது. ஒரு வரம்பைத் தாண்டியதும் ஓட்டம் மளமளவென்று சரிந்துவிடும். எனவே அவ்வரம்புக்கு இப்பால் நார்ட்டனின் வடிவம் அதற்கு இயல்பாய் அமைகிறது. வரம்பின் வளைவிலோ முன்கூறிய இரண்டாவது எச்சரிக்கை முழு அளவிற் செல்லும். குறுக்குச் சுற்றாக இணைத்துப் பார்க்கும் சோதனையைச் சிறு பலகையில் தக்க அம்மானியோடு செய்யலாம். மோட்டார் வண்டியின் மின்கல அடுக்கில் ஒருபோதும் செய்யற்க. அதன் உள்தடை ஓமில் நூற்றில் ஒரு பங்கு அளவே. பல நூறு ஆம்பியர் பாய்ந்து கம்பி உருகும். கண் போனால் வாராது.

மேலூர்ப் பக்கத்து வீட்டுக்குத் திரும்புவோம். பெரியவருக்கு ஒரு தாளில் இரண்டு வழிகளைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். கம்பியின் குறுக்களவை இரட்டித்தால் கம்பித் தடை 0.75 ஓமாய், மொத்தம் 1.05 ஓமாகும், தொடக்கத்தில் மோட்டாருக்கு 178 வோல்ட்டு கிடைக்கும். அவ்வாறன்றி, புதிய மின்மாற்றி ஒன்றைத் தோட்டங்களுக்கு நடுவே, அவர் வீட்டிற்கு 250 மீட்டர் தூரத்தில் நிறுத்தினால், கம்பிக்கு 0.5-உம் மாற்றிக்கு 0.3-உமாக 0.8 ஓமே ஆகும்; 187 வோல்ட்டு கிடைக்கும்; திருப்பு விசை மூன்றில் இரண்டு பங்கு. அதுவன்றி அயலார் மோட்டார்களால் மாலையில் நேரும் இறக்கமும் அதே அளவிற் குறையும். இவ்விரண்டும் நிறைவேறும் வரையில், மாலையில் அயலார் இறைத்து முடித்தபின்னரே தம் மோட்டாரை ஓட்டுவதென்றும், அழுத்தம் 200-க்குக் கீழிறங்கினால் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும் சிறு கருவி ஒன்றைப் பொருத்துவதென்றும் முடிவு செய்தார்.

“மனுவிலே இந்த 1.8-ஐயும் எழுதலாமா?” என்று கேட்டார். எழுதலாம் என்றோம். அயல் தோட்டக்காரர் ஏழு பேரும் கையொப்பமிட்ட அம்மனுவில், மற்றவர் வீடுகளிலும் அளந்து கண்ட எண்களைப் பெயருக்கு நேரே எழுதிச் சேர்த்தோம். கம்பியின் தலைப்பில் உள்ளவருக்கு 0.6, கடைசியில் உள்ள விதவைத் தாயாருக்கு 2.3. மனுவை வாங்கிக்கொண்ட அலுவலர் அந்த வரிசையை மேலிருந்து கீழாக இருமுறை படித்துவிட்டு, இடத்தைப் பார்வையிட நாள் குறித்தார். இக்கட்டுரை அச்சுக்குப் போகும் இந்நாளில் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு கம்பங்கள் நடப்பட்டுள்ளன. மின்மாற்றி இன்னும் வரவில்லை. வந்ததும் அதே சூடேற்றியையும் அதே வோல்ட்டாமானியையும் எடுத்துக்கொண்டு சென்று மீண்டும் அளப்பதாக எம் மாணவர் சொல்லியிருக்கிறார்.